முதலில் மூக்குதான் தேயும்

வெள்ளி நாணயத்தை முகப்பில் தொடக் கூடாது சார். ஓரத்தைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். உங்கள் கான்ஸ்டபிள்கள் அதை மேசையில் போட்ட விதத்தைப் பார்த்துச் சொல்கிறேன். இனி அதில் கெடுவதற்கு ஒன்றுமில்லை என்பது வேறு விஷயம்.

நாணயச்சாலையில் அச்சு செதுக்குவது என் வேலை. அந்தக் குழந்தைகள் இல்லத்தின் பொன்விழாவுக்கு வெள்ளி நாணயம் வெளியிடுவதென்று முடிவானபோது, முகப்பு என் பொறுப்பாயிற்று. ஒரு பெண், மடியில் ஒரு குழந்தை. பெண்ணுக்கு என் மனைவியின் முகத்தை வைத்தேன். அந்த இல்லத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். மூக்கு மட்டும் கொஞ்சம் எடுப்பாக வந்துவிட்டது. "உங்க கண்ணுக்கு நான் கிளி மாதிரியா இருக்கேன்?" என்று கேட்டுவிட்டு நாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

நாணயம் வெளிவரும் முன்பே அவள் போய்விட்டாள். இல்லத்துச் சிறுமி ஒருத்தி பூனைக்குட்டியைத் துரத்திக்கொண்டு வாசல் கதவைத் தாண்டி ஓடினாள். வளைவில் லாரி. என் மனைவி பின்னாலேயே ஓடிச் சிறுமியைத் தள்ளிவிட்டாள். சிறுமிக்கு முழங்காலில் சிராய்ப்பு. அதற்கு மருந்து போட்டார்கள்.

வெளியீட்டு விழாவில் இல்லத்தின் செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டே எனக்கு ஒரு நாணயம் கொடுத்தார். மேடையிலிருந்து இறங்கியதும் அந்தச் சிறுமி வந்து என் விரலைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகளுக்கு என் மனைவி அம்மா. அதனால் நான் அப்பா.

"அப்பா, அம்மா எப்ப வருவாங்க?"

காயம் ஆறும்வரை ஊருக்குப் போயிருப்பதாகப் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தார்கள். நான் உறையைப் பிரித்து நாணயத்தை அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

"இந்த முகம் முழுசாத் தேஞ்சதும் வந்துடுவாங்க. யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சொன்னா வர மாட்டாங்க."

அன்றே தேய்க்க ஆரம்பித்துவிட்டாள்.

ஞாயிறுதோறும் போய்ப் பார்த்தேன். நல்ல மனுஷன் என்றார்கள். நாணயத்தில் முதலில் மூக்குதான் தேயும். மேடான இடம் அது. பிறகு கன்னம். கண் கடைசியில். கட்டைவிரல் தோல் உரிந்ததும் அடுத்த விரலுக்கு மாறினாள். சமையல்கார அக்கா, "காசைத் தேய்ச்சு பூதத்தை வரவழைக்கப் போறியா, மகாராணி?" என்று கிண்டல் செய்தபோதும் வாயைத் திறக்கவில்லை. கெட்டிக்காரப் பிள்ளை. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் வெறும் விரலுக்கு வெள்ளி ஆண்டுக்கணக்கில் தாங்கும். சிறுமி சோர்ந்து போனாள். அதனால் வேலையிடத்திலிருந்து மெருகுப் பசையும் தோல் துண்டும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். உதவியிருக்கிறேன்.

போன ஞாயிறு நாணயத்தை நீட்டினாள். மொழுமொழுவென்று இருந்தது.

"முடிஞ்சிருச்சுப்பா. எங்க வருவாங்க?"

"போன இடத்துலதான். வளைவுல. ரோட்டுக்கு நடுவுல நில்லு. அப்பதான் நீ நிக்கறது அம்மாவுக்குத் தெரியும்."

அந்த வளைவில் வரும் ஓட்டுநருக்கு எதிரில் யார் நின்றாலும் தெரியாது. அது எனக்கு ஏற்கெனவே தெரியும். என் மனைவி போன பிறகு வாசல் கதவில் உயரமாக ஒரு தாழ்ப்பாள் வைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு எட்டாது. நான் திறந்துவிட்டேன். சிறுமி எச்சில் தொட்டு முன்முடியைப் படிய வைத்துக்கொண்டு போய் நின்றாள். லாரிச் சத்தம் கேட்டதும் திரும்பி என்னைப் பார்த்தாள். அங்கேயே நில் என்பதுபோல் தலையசைத்தேன்.

ஓட்டுநரை விட்டுவிடுங்கள் சார். அவர் மேல் தப்பில்லை. செய்தது நான்.

துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று மட்டும் எழுத வேண்டாம். நான் படித்தவன். செத்தவர்கள் திரும்பி வருவதில்லை என்று எனக்குத் தெரியும். அன்று காலை சவரம் செய்துகொண்டதும், என் மனைவிக்குப் பிடித்த நீலச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டதும் தற்செயல்தான். லாரி நின்றதும் எல்லோரும் அதன் முன்பக்கம் ஓடினார்கள். நான் பின்பக்கம் போனேன். வளைவு வரைக்கும் நடந்து பார்த்தேன்.

யாரும் வரவில்லை.