பன்னிரண்டு மூட்டை ஒடியல் மா

சற்குணம்: ...இப்ப கொட்டினா சேத்துக்குள்ளதான் விழும், வாமன். வானின்ர கதவைப் பூட்டிப்போட்டு இஞ்சால வா. தண்ணி ஏறட்டும்.

வாமதேவன்: ஆத்தில தண்ணி ஏறுமோ அண்ணை? ஆறு எண்டா ஒரு பக்கமாத்தானே ஓடும்?

சற்குணம்: லண்டனில, இந்தப் பார்க்கிங் ஊரில மூண்டு வருசம் இருக்கிறாய், இது தெரியாது. இது தேம்ஸில போய் விழுற ஆறு. கடல் பொங்கினா தேம்ஸ் பொங்கும். தேம்ஸ் பொங்கினா இது பின்பக்கமா வரும். ஆறு மணித்தியாலம் ஏறும், ஆறு மணித்தியாலம் இறங்கும். இப்ப மூண்டு மணி. நாலுக்கு நிறைஞ்சிடும்.

வாமதேவன்: அப்ப ஒரு மணித்தியாலம் இந்தக் கார்த்திகைக் குளிருக்க நிக்கவேணும். பன்னிரண்டு மூட்டை பனங்கிழங்கு ஒடியல் மாவோட. பொலிஸ் வந்தா?

சற்குணம்: உன்னை மஞ்சள் ஜக்கெற் போடச் சொன்னது ஏன்? லண்டனில மஞ்சள் ஜக்கெற் போட்டவனை ஒருத்தரும் மறிக்கமாட்டினம். பாலத்தைக் கழட்டிக்கொண்டு போனாலும் வழி விடுவினம். அமெரிக்காக்காரனும் வேசம் போட்டுத்தான் தேயிலையைக் கடலில கொட்டினவன்.

வாமதேவன்: மஞ்சள் ஜக்கெற்றோ?

சற்குணம்: டேய்... அங்கத்தை ஆதிக்குடி மாதிரி. முகத்தில கரி எல்லாம் பூசி.

வாமதேவன்: எனக்கு அந்தக் கதை சரியா விளங்கேல்லை அண்ணை. முதலிலயிருந்து சொல்லுங்கோவன்.

சற்குணம்: அப்பிடிக் கேள்! என்ர மனுசி கலாவதி இதைத் தொடங்கினாலே கொட்டாவி விடுவாள். கேள். பிரெஞ்சுக்காரனோட சண்டை பிடிச்சு லண்டன் ராசாவின்ர பெட்டி காலி. காசுக்கு எங்க போறது? அமெரிக்காவில குடியேறின தன்ர சனத்தின்ர தலையிலயே கட்டினார். முத்திரை வரி. காணி உறுதி, பேப்பர், சீட்டுக்கட்டு, எல்லாத்திலயும் லண்டன் முத்திரை இருக்கவேணும்.

வாமதேவன்: சீட்டுக்கட்டிலயுமோ? அப்ப புரட்சி வரத்தான் செய்யும்.

சற்குணம்: பகிடி விடாதை. எங்கட ஊர் ஒன்றியத்தைப் பார். தலைமை பாரிஸ், நாங்கள் லண்டன் கிளை. இண்டையான் கூழ் விழாவுக்கு ரிக்கற் அடிச்சது எங்க? பாரிஸில, லாச்சப்பலில. பாரிஸ் தலைவர் முருகேசரின்ர சீல் விழாட்டி அது ரிக்கற் இல்லையாம். நான் இஞ்ச மனோர் பார்க்கில அரை விலைக்கு அடிப்பன்!

வாமதேவன்: முருகேசர் என்ர சொந்த அண்ணன் எண்டது ஞாபகம் இருக்கோ?

சற்குணம்: அதுக்குத்தானே உன்னைக் கூட்டிவந்தனான். கூடப்பிறந்த தம்பியே கொட்டினா அவருக்குக் கெதியா விளங்கும்.

வாமதேவன்: தை மாசம் அவற்ற மகளுக்குக் கலியாணம். எனக்குச் சாப்பாடு போடுவினமோ?

சற்குணம்: போடாட்டி லண்டனுக்கு வா. சுதந்திர லண்டனில நான் போடுறன். ...ஆர் போனில?

வாமதேவன்: மனுசி. மெசேச். வெங்காயம் வாங்கட்டாம். நீங்கள் சொல்லுங்கோ.

சற்குணம்: எதில விட்டனான்? ஓ, முத்திரை. சனம் கத்தினவுடன முத்திரையை எடுத்துப்போட்டு வேற சாமான்களுக்குப் போட்டாங்கள். பேந்து அதையும் எடுத்தாங்கள். தேயிலைக்கு மட்டும் வைச்சிருந்தாங்கள். ஏன் தெரியுமோ? வரி போட எங்களுக்கு உரிமை இருக்கு எண்டு காட்ட. காசு பெரிசில்லை. எங்கட இருவது யூரோவும் அப்பிடித்தான்.

வாமதேவன்: குடும்பத்துக்கு வருசச் சந்தா இருவது. அதைப் பாரிஸ் ஒருநாளும் கூட்டேல்லையே?

சற்குணம்: கூட்டேல்லை! அங்கதான் விளையாட்டு. போன வருசம் பாங்குகள் விழ, பவுணும் விழுந்தது. முந்தி இருவது யூரோ எண்டா பதினாலு பவுண். இப்ப பதினெட்டு. அவங்கள் ஒரு விரலும் அசைக்கேல்லை, எங்களுக்கு வரி ஏறிப்போச்சு. நூற்றிநாப்பது குடும்பம்! ஆனா பாரிஸ் நிர்வாக சபையில எங்களுக்கு ஒரு கதிரை... ஒரு முக்காலி இருக்கோ?

வாமதேவன்: கடிதம் எழுதிக் கேக்கலாமே.

சற்குணம்: எழுதிறது, கேக்கிறது! சித்திரை மாசம் தொடங்கி, ஊர்ச் சண்டையை நிப்பாட்டுங்கோ எண்டு பாராளுமன்றத்துக்கு முன்னால ரெண்டு மாசத்துக்கு மேல நிண்டு கத்தினம். என்ன நடந்தது? ஒரு பொலிஸ்காரன் எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தவன். அவ்வளவுதான்.

வாமதேவன்: ...ஓம்.

சற்குணம்: ஓம். அதுதான் சொல்லுறன். கத்தினா ஒருத்தருக்கும் கேக்காது. கொட்டினாத்தான் கேக்கும். நீ கொட்டேக்க நான் போனில படம் எடுப்பன். ஐஞ்சு மணிக்கு விழா ஹோலில, கூழ் குடிக்க வந்த சனத்துக்கு முன்னால அந்தப் படத்தைத் தூக்கிக் காட்டுவன். அறுத்தாச்சு, இனி நாங்கள் தனி. இண்டைக்கு அறுத்தாத்தான் நான் தலைவர். இல்லாட்டி முருகேசரின்ர கிளார்க்.

வாமதேவன்: படம் நீங்கள் எடுப்பியள். மூட்டை?

சற்குணம்: எனக்கு நாரி நோகுது, இடுப்புப் பிடிப்பு. புரட்சித் தலைவர்மார் மூட்டை தூக்கின சரித்திரம் இல்லை.

வாமதேவன்: நல்லது. பாரிஸ் அனுப்பின இந்த மாவைக் கொட்டினா விழாவுக்குக் கூழ் எப்பிடிக் காய்ச்சிறது?

சற்குணம்: வால்தம்ஸ்டோக் கடையில வேற மா ஓடர் குடுத்திட்டன். கிலோவுக்கு ஒரு பவுண் கூட.

வாமதேவன்: கூடக் குடுத்தோ? அப்ப பாரிஸ் மா மலிவெல்லோ!

சற்குணம்: அமெரிக்காவிலயும் ராசாவின்ர தேயிலை மலிவு!

வாமதேவன்: விசரே அவங்களுக்கு? மலிவான சாமானை ஆர் கொட்டுவான்?

சற்குணம்: அதுதான்ரா சூட்சுமம். மலிவு எண்டு வாங்கினா அதோட சேந்து வரியையும் ஒத்துக்கொண்ட மாதிரி. எலிப்பொறியில தேங்காய்ச்சொட்டு சும்மாதானே கிடக்குது? அதால முன்னூற்றிநாப்பத்திரண்டு பெட்டியைக் கொத்திக் கடலில கொட்டினாங்கள். அண்டைக்கு அங்கயும் தண்ணி வத்தின நேரம். தேயிலை குவிஞ்சு போச்சாம், காலால தள்ளி விட்டவங்களாம். அதுதான் நான் தண்ணி ஏறட்டும் எண்டு நிக்கிறன். சரித்திரத்தில இருந்து படிக்கவேணும்.

வாமதேவன்: ஒடியல் மா தண்ணியில பட்டாத் தடிக்குமே அண்ணை. மீனுக்கெல்லாம் கூழ். ஒரு நண்டும் ரெண்டு இறாலும் இதுக்க நிண்டா உப்புப் பாத்து இறக்கலாம்.

சற்குணம்: கவுன்சில்காரன் பிடிச்சா அப்பிடியே சொல்லு. ...திரும்பவும் போன்.

வாமதேவன்: வெங்காயம் சின்னனோ பெரிசோ எண்டு கேக்கிறாள். அண்ணை, ஒரு சந்தேகம்.

சற்குணம்: கேள், கேள்.

வாமதேவன்: "சரி, உங்களுக்கு ரெண்டு கதிரை தாறன்" எண்டு ராசா சொல்லியிருந்தா, தேயிலையைக் கொட்டியிருப்பாங்களோ?

சற்குணம்: ராசா அப்பிடிச் சொல்லேல்லை.

வாமதேவன்: சொன்னவர் எண்டு வையுங்கோவன்.

சற்குணம்: ...தண்ணி வருது பார். அந்தப் படிக்கட்டு மறைஞ்சிட்டுது.

வாமதேவன்: ரெண்டு கதிரை. ஒரேயொரு நிபந்தனை. அதில இருக்கிற ஆக்களை உங்கட சனமே வோட் போட்டுத் தெரிவு செய்யவேணும். பெண்டுகளுக்கும் வோட்டாம்.

சற்குணம்: ஆர் உனக்குச் சொன்னது?

வாமதேவன்: மூண்டு கிழமைக்கு முன்னம் பாரிஸில இருந்து வந்த பதிவுத் தபால். கையெழுத்து வைச்சு எடுத்தது நீங்கள்.

சற்குணம்: முதல் மூட்டையை இறக்கு, வாமன்.

வாமதேவன்: இறக்கிறன். கடிதம் எங்க?

சற்குணம்: ...என்ர கடையில. சிகரெட் பெட்டிக்குப் பின்னால. டேய், பதினொரு வருசம் கிளைக்கு நான் தலைவர். ஹோல் பிடிச்சது நான், கதிரை அடுக்கினது நான், மழைக்க நிண்டு கார் விடக் காட்டினது நான். ஒருத்தராவது தேர்தல் வையுங்கோ எண்டு கேட்டவையே?

வாமதேவன்: கேக்க விட்டனீங்களோ? வாய் திறந்தா அமெரிக்காக் கதை.

சற்குணம்: வோட் வைச்சா நான் தோத்துப்போவன். எனக்குத் தெரியும். கலாவதிகூட எனக்குப் போடமாட்டாள். பாரிஸோட அறுத்துக்கொண்டா கடிதமும் இல்லை, வோட்டும் இல்லை. கடையில காலமை தொடங்கிப் பாலும் பாணும் வித்து, காசு மெசினைத் தட்டிக்கொண்டு நிக்கிறன். வாரத்தில ஒருக்கா ஆராவது "தலைவர்" எண்டு கூப்பிட்டா... நிமிந்து நடக்கலாம் போல இருக்கும். சரி. சொல்லிப்போட்டன். சிரி.

வாமதேவன்: சிரிக்கேல்லை அண்ணை.

சற்குணம்: உன்ர கொண்ணர் முருகேசர்தான் உனக்குச் சொன்னவரோ?

வாமதேவன்: கதிரை கேட்டு அவருக்கு எழுதினதே நாங்கள்தான். எண்பத்திமூண்டு குடும்பம் கையெழுத்து வைச்சது. நான் கொண்டுபோய்க் குடுத்தனான்.

சற்குணம்: அப்ப... அப்ப என்ன மண்ணாங்கட்டிக்கு மஞ்சள் ஜக்கெற்றும் போட்டுக்கொண்டு என்னோட வந்து நிக்கிறாய்?

வாமதேவன்: மூண்டு மணிக்கு ஹோலில வோட் தொடங்கினது அண்ணை, உங்கட பேரும் சீட்டில இருக்கு. "அந்த மனுசன் வாசலில நிண்டா ஒருத்தரும் மனம்போலப் போடாயினம். ஆத்தங்கரைக்குக் கூப்பிட்டா நீயும் போய் அமெரிக்காக் கதையைக் கேள், ஒரு மணித்தியாலம் அசையார்" எண்டு கலாவதி அக்காதான் சொல்லிவிட்டவ. வெங்காயம் எண்டு நான் சொன்ன கடைசி மெசேச்சும் அவதான், எண்ணி முடிஞ்சுதாம்... வாங்கோ, வானில ஏறுங்கோ. வால்தம்ஸ்டோ மாவை அவ வேண்டாம் எண்டிட்டா, உலையை வைச்சிட்டு இந்த மாவோட எங்களைப் பாத்துக்கொண்டு நிக்கினம்.