எட்டு அலைகளுக்குக் காவலிருந்த சந்திரவதனா அம்மையாருக்கு

காந்தக் கூடத்தின் கண்ணியமே! கணக்கைக் கருணையோடு கையாண்ட பெருமாட்டியே! எம்.ஆர்.ஐ. ஆய்வுப் பிரிவின் மூத்த பௌதிகவியலாளர் சந்திரவதனா அம்மையாரே! ரொறன்ரோவில் பனி இன்னும் கரையாத இந்த மாலையில் நீங்கள் பணி ஓய்வு பெறுகிறீர்கள். உங்கள் பட்டங்களையும் பதவிகளையும் பிறர் சொல்வார்கள். நாங்கள் அலெக்ஸாண்டரைப் பற்றிச் சொல்கிறோம்.

அலெக்ஸாண்டர் இங்கே நோயாளிகளுக்கு ஸ்கான் எடுத்தவர். நகருக்கு வெளியே அஜக்ஸிலிருந்து ரயிலில் வருவார். உங்களைச் சீண்டாமல் குளிர்கோட்டைக் கழற்றமாட்டார். எட்டு சனல், அதாவது எட்டு அலைவழி, இயந்திரம் புதிதாக வந்திருந்த காலம். தலையைச் சுற்றி எட்டுப் பக்கமிருந்தும் ரேடியோ அலை வரும். படம் மிகத் தெளிவாக விழும். ஆனால் எட்டும் உள்ளே ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால் அந்தச் சிறு இடம் மட்டும் சூடேறும். தலை முழுவதற்குமான சராசரி அதைக் காட்டிக்கொடுக்காது. ஆகவே, கணினியிலுள்ள மாதிரித் தலைகளில் அலைகளை ஓட்டிப் பார்த்த பிறகே ஒரு மனிதரைப் படுக்க விடுவீர்கள்.

"அக்கா, என்ர தலை என்ன புட்டோ, அவியிறதுக்கு?" என்பார் அவர்.

"புட்டெண்டால் திறந்து பாக்கலாம். உம்மட தலையைத் திறந்து பாக்கேலாதே" என்பீர்கள்.

பிறகு அவர் தலையிலேயே கட்டி வந்தது. அது எந்த இரத்தக்குழாயோடு ஒட்டியிருக்கிறது என்று வழக்கமான படத்தில் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை சத்திரசிகிச்சை. எட்டு சனலில் படமெடுக்க எல்லோரும் சம்மதித்தார்கள். நீங்கள் மட்டும் மறுத்தீர்கள். அவருக்குக் குட்டைக் கழுத்து. அகன்ற தோள்கள், தலையைச் சுற்றி அலை விடும் கூட்டின் விளிம்பில் முட்டின. அப்படியொரு மாதிரி உடல் கணினியில் இல்லை.

"சராசரி எல்லைக்குள்ளதானே இருக்கு. விடுங்கோவன் அக்கா." அன்று அவர் சிரிக்கவில்லை.

"பொறும் அலெக்ஸ். தெரியாமல் உம்மை உதுக்குள்ள விடமாட்டன்."

வீட்டுக்குப் போய், "அக்காவுக்கு விசர் பிடிச்சிட்டுது" என்று கத்தினார். பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் நன்றாக நித்திரை கொண்டார்.

அவருடைய பழைய படங்களிலிருந்தே அவர் தலையையும் தோளையும் கணினியில் கட்டி, எட்டு அலைகளையும் அதற்குள் விட்டீர்கள். பிடரிக்குக் கீழே ஓரிடம், அனுமதித்த அளவைப்போல் இரண்டு மடங்கு சக்தியை உறிஞ்சியது. அலைகளின் சேர்க்கையை மாற்றி, வலுவைக் குறைத்து, மறுபடி ஓட்டினீர்கள். வியாழக்கிழமை, "இப்ப வந்து படும்" என்றீர்கள். படமெடுக்க நேரம் கூடப் பிடித்தது. இரத்தக்குழாய் தெரிந்தது. அதை விலத்திக் கட்டியை வெட்டினார்கள்.

அவர் மகளின் திருமணத்தைக் கண்டார். சில பனிக்காலங்கள் கழித்து நோய் திரும்பி வந்தது. அதை நிறுத்த எவராலும் முடியவில்லை.

போவதற்கு முன் சொன்னார்: "கணினியில இருக்கிற என்ர தலையை வைச்சிருங்கோ அக்கா. சம்பளமும் வேண்டாம், லீவும் வேண்டாம்." இன்றும் எந்தப் புதிய அமைப்பும் முதலில் அந்தத் தலைக்குள்தான் ஓடுகிறது. குட்டைக் கழுத்துள்ள எத்தனையோ பேர், காரணம் அறியாமலே, பத்திரமாக எழுந்து வீடு போகிறார்கள்.

அம்மையாரே! நோயணுகா உடலோடு நெடுங்காலம் வாழ்க! கணக்கை நினைத்துக் கவலைப்படாமல் காலையில் ஆறுதலாக எழும்புங்கள். நாளைக்கும் அலெக்ஸாண்டர் வேலைக்கு வருவார்.

நன்றி மறவாத,
எம்.ஆர்.ஐ. ஆய்வுப் பிரிவுப் பணியாளர்கள், ரொறன்ரோ

மடலை எழுதியவர்: வேரோனிக்கா அலெக்ஸாண்டர் (மகள்)