வேலியோரத்து முதல் குண்டு

அந்த நாற்காலியின் கால் ஆடும், நோகா, இதில் உட்காருங்கள். விசாரணை அதிகாரி என் வீட்டில் விழுந்து கையை உடைத்துக்கொண்டால் அதற்கும் ஓர் அறிக்கை எழுத வேண்டிவரும்.

போர்நிறுத்தத்தை முதலில் மீறியது யார் என்று ஏழு வாரமாகக் கேட்கிறீர்கள். அன்று காலை பத்து பதினாறுக்குக் காசாவிலிருந்து ஷெல் குண்டு விழுந்தது, அவர்கள்தான் ஆரம்பித்தார்கள் என்கிறது நம் ராணுவம். பத்து மணிக்கே நம் பக்கமிருந்து சுட்டார்கள் என்கிறார்கள் அவர்கள். துப்பாக்கிச் சத்தமே கேட்கவில்லை என்று நான் கையெழுத்துப் போட்டேன். எல்லை வேலிக்கு மிக அருகில் இருப்பது என் வீடு என்பதால் என் பேச்சுக்கு மதிப்பு இருந்தது.

சண்டை நடந்த பதினெட்டு நாளும் எங்கள் தெருவே என் தோட்டத்துப் பதுங்கறையில்தான் இருந்தது. பழைய அறை, பெரியது, சாவி என்னிடம். எதிர்வீட்டு ஓர்னா மெத்தையோடு வந்துவிட்டாள். "மெனாஷே, உங்க குறட்டைக்கு அந்த ராக்கெட்டே தேவலாம்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். என் மனைவி பட்யா போனபின் இந்த வீட்டில் அப்படியொரு சிரிப்பு கேட்டதில்லை.

போர்நிறுத்தம் வந்த அன்று காலையில் மெத்தைகளைச் சுருட்டிக்கொண்டார்கள். "அப்பாடா, இனிமே இந்தக் குழிக்கு வரவே வேண்டாம்" என்றாள் ஓர்னா. தவறாகச் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் நானே போய் அவள் வீட்டு மணியை அடித்தேன். "கொஞ்சம் வேலையா இருக்கேன், அப்புறம் பாக்கலாமா?" என்றாள்.

ஊர்க்காவல் குழுவில் இருப்பதால் துப்பாக்கி வீட்டிலேயே இருந்தது. ஏழாம் நாள் வேலிக்கு அப்பால் ஒரு விவசாயி, மனைவியோடு, கோதுமை விதைத்துக்கொண்டிருந்தார். முதல் குண்டை மண்ணில்தான் சுட்டேன். அவர் கையை உயர்த்தி, போய்விடுகிறோம் என்று சைகை காட்டினார். விதைப்பையைத் தூக்கித் தோளில் போட்டார். அவர் போய்விட்டால் ஒன்றும் நடக்காது. அதனால் இரண்டாவதை அவர்மேல் சுட்டேன். மணி பத்து. அவர் பெயர் ஃபௌஸி என்பதை உங்கள் கோப்பில்தான் பார்த்தேன்.

பதினாறு நிமிடத்தில் ஷெல் வந்தது. பிறகு விமானங்கள். மறுபடி மூண்ட அந்த நான்கு நாள் சண்டையில் அங்கே முப்பத்தொன்பது பேர், இங்கே இருவர் செத்தார்கள். அதெல்லாம் நான் செய்ததல்ல. இரு பக்கமும் தாமாகவே முடிவு செய்தார்கள்.

பதினோரு மணிக்குள் பதுங்கறை நிறைந்துவிட்டது. ஓர்னா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இருக்கீங்க, அது போதும்" என்றாள். நான் அவள் மெத்தையை விரித்துக் கொடுத்தேன்.

இதை இப்போது ஏன் சொல்கிறேன் என்று பார்க்கிறீர்கள். நேற்று போனில் நீங்கள்தான் சொன்னீர்கள்: "யாரு ஆரம்பிச்சாங்கன்னு தெரியலைன்னு எழுதி ஃபைலை மூடிடப்போறேன். நாளைக்கு வர்றதுதான் கடைசி." மறுபடி சண்டை ஓய்ந்ததிலிருந்து இந்த வீட்டுக்கு வருவது நீங்கள் ஒருவர்தான்.

முதலில் சுட்டது நான். மெதுவாக எழுதிக்கொள்ளுங்கள். எப்படியும் நாளைக்கும் வரவேண்டியிருக்கும், இல்லையா?