கை மறைத்த ஓட்டு

வெர்ன்: ஏன் கையால மறைக்குற? பரீட்சையா எழுதுற?

மார்லா: உன் சீட்டை நீ பாரு.

வெர்ன்: இருபது வருஷமா இந்த மேஜையிலதான் ரெண்டு பேரும் ஓட்டுச்சீட்டை நிரப்பித் தபால்ல போடுறோம். ஒருநாளும் நீ மறைச்சதில்லையே...

மார்லா: ஒருநாளும் நீ எட்டிப் பாத்ததில்ல. காபியைச் சிந்திடாத.

வெர்ன்: செனட்டுக்குத்தானே? நம்ம ஹாஸ்கலுக்குத்தானே போடுற?

மார்லா: கருக்கலைப்பு பத்தி அவர் என்ன சொல்றார்? பேப்பர்ல போட்டிருக்கான் பாரு, படி.

வெர்ன்: இரு, கண்ணாடி... "அரிசோனா விஷயத்தை அரிசோனாவே முடிவு பண்ணட்டும். வாஷிங்டன் தலையிடக் கூடாது."

மார்லா: அரிசோனாவுக்கு எத்தனை மாசம்?

வெர்ன்: அடேங்கப்பா! சரி, எதிர்த்து நிக்கிற டியர்னி அம்மா... "அந்தப் பொண்ணும் அவ டாக்டரும் முடிவு பண்ணட்டும்."

மார்லா: அந்த சுயேச்சை?

வெர்ன்: "மக்கள் ஓட்டு போட்டு முடிவு பண்ணட்டும்."

மார்லா: அப்போ பக்கத்து வீட்டு கார்லும் முடிவு பண்ணுவான். நாயை எங்க கட்டுறதுன்னே அவனுக்கு இன்னும் முடிவாகல!

வெர்ன்: ஹா! ஆனா ஒண்ணு கவனிச்சியா... மூணு பேர்ல ஒருத்தர்கூட புருஷன்காரனைப் பத்திப் பேசல.

மார்லா: பேசணுமா?

வெர்ன்: தெரியல... அதான் கேக்குறேன். நீ என்ன நினைக்குற?

மார்லா: நீ வேலை பாத்த சுரங்கத்தை மூடின வருஷம்... அக்காவைப் பாக்க அல்புகர்க்கி போனேனே...

வெர்ன்: டெனிஸ் வீட்டுக்கு. நாலு நாள்.

மார்லா: அவ வீட்டுக்குப் போகல. அங்க ஒரு கிளினிக்குக்குப் போனேன். கலைச்சுட்டேன், வெர்ன். வேலை போய் நீ கராஜே கதின்னு கிடந்த. ரெண்டு பிள்ளைங்களுக்கே திண்டாட்டம். உன்கிட்ட சொன்னா வேணாம்னு தடுத்துடுவியோன்னு பயம். அப்புறம் ஒவ்வொரு தடவையும் உன் பக்கத்துல உக்காந்து ஹாஸ்கல் மாதிரி ஆளுக்கே போட்டேன், உனக்குச் சந்தேகம் வந்துடக் கூடாதுன்னு. இந்தத் தடவை கை வரல... ஏதாவது சொல்லேன். திட்டவாவது செய்.

வெர்ன்: அப்போ தினமும் காலையில நீ குழாயைத் திறந்துவிட்டுட்டு வாந்தி எடுப்ப. எனக்குக் கேக்கும்.

மார்லா: உனக்குத்... தெரியுமா?

வெர்ன்: நீ பஸ் ஏறின மறுநாள் டெனிஸ் இங்க போன் பண்ணி, மார்லா எங்கன்னு கேட்டா. அவ உள்ள தூங்குறான்னு சொன்னேன்.