இரட்டை வெற்றிலை தந்த உப்பு

விழாவுக்குத் தலைமை தாங்கும் பண்பின் உறைவிடம், எங்கள் தலைமையாசிரியர் சீதாராமன் அவர்களே! வயதிலும் அறிவிலும் மூத்த பெரியோர்களே! விடியுமுன் கொடிக்காலில் இறங்கி வெற்றிலை கிள்ளிவிட்டு, வேர்வை காயுமுன் காலையிலேயே பிள்ளைகளைக் காண ஓடிவந்த சோழவந்தான் தாய்மார்களே! பந்தலுக்கு வெளியே பைக்கில் சாய்ந்து நிற்கும் அண்ணன்மார்களே! வேதியியல் ஆசிரியை ராதாமணியின் வணக்கம்.

உப்பைப் பற்றிப் பேச வந்தேன். என்ன, "டீச்சர், ராத்திரிச் சோத்துக்கு நேரமாச்சு" என்கிறீர்களா? அண்ணே, அந்தச் சோற்றுக்கு உப்பு வேண்டாமா? கொஞ்சம் பொறுங்கள்.

காலையில் அறிவியல் கண்காட்சியில் நம் பத்தாம் வகுப்பு முத்துமீனா சோடியமாக நின்றாள். முகேஷ் குளோரினாக நின்றான். வெற்றிலைதான் எலக்ட்ரான். குளோரினின் வெளிக்கூட்டில் ஏழு. எட்டானால்தான் அதற்கு நிம்மதி. சோடியம் ஒன்றே ஒன்று கொடுக்க வேண்டும். கொடுத்தாளா? இல்லை, இரண்டைக் கொடுத்தாள்! கொடிக்காலில் வளர்ந்த கைக்கு ஒற்றை வெற்றிலை கொடுக்க மனம் வருமா? "ஒத்த வெத்தல எப்பிடி டீச்சர் கொடுக்க? நல்லாவா இருக்கும்?" என்றாள்.

கூட்டம் சிரித்தது. நடுவரோ, "உப்பே கெட்டுப்போச்சு" என்றார். பிள்ளையின் முகம் சுண்டிப்போயிற்று. மதியம் அவள் தாய் செல்லத்தாய் என்னிடம் வந்து, "சயின்ஸ் குரூப்பே வேண்டாங்குறா டீச்சர். அம்புட்டு ஆச வச்சிருந்தா" என்று கண் கலங்கினார். எனக்குத் தாங்கவில்லை.

முத்துமீனா, மேடைக்கு வா! தயங்காதே தாயி. கைதட்டுங்கள் ஐயா, பிள்ளை வருகிறாள்! கையில் எத்தனை வெற்றிலை? இரண்டா? இரண்டு கொடுக்கும் தனிமம் உலகில் இல்லையா? இருக்கிறது! மெக்னீசியம்! நீ மெக்னீசியமாக நில். முகேஷ், நீ வா. ஸ்ரீவர்ஷினி, நீயும் இன்னொரு குளோரினாக ஏழு வெற்றிலையோடு வா. முத்துமீனா, இருவருக்கும் ஒவ்வொன்று கொடு!

"அப்பவும் ஆளுக்கு ஒத்த வெத்தலதான?" என்று அங்கே ஓர் அம்மா கேட்கிறார். நல்ல கேள்வி. மைக்கைப் பிடி முத்துமீனா, நீயே சொல்.

"அவுக கையில ஏழு இருக்குல்ல அத்த? நான் ஒண்ணு வச்சா எட்டு. எட்டு சோடிதான?"

கேட்டீர்களா! கொடுத்தவள் குறைந்துபோனாளா? இல்லை, அவளுக்கும் உள்கூட்டில் எட்டு நிறைந்தே இருக்கிறது. இரண்டு கொடுத்ததால் அவளுக்கு இரட்டை நேர்மின் சுமை. வாங்கியவர்களுக்கு ஆளுக்கொரு எதிர்மின் சுமை. கயிறு கட்டவில்லை, பசை தடவவில்லை. எதிரெதிர்ச் சுமைகளின் அந்த ஈர்ப்பே பிணைப்பு, அயனிப் பிணைப்பு! ஒரு மெக்னீசியம், இரண்டு குளோரின்: MgCl₂! மழைக்காலத்தில் உங்கள் வீட்டுக் கல்லுப்பு கசிகிறதே, அதில் கலந்திருக்கும் இந்த உப்பின் வேலைதான் அது.

என்ன முத்துமீனா, என் கையை இழுக்கிறாய்?

"அப்ப சோடியமும் ஒண்ணே ஒண்ணு கொடுக்கலாம்ல டீச்சர்? மறுபடி செய்யட்டா?"

செய் தாயி! முகேஷ், ஏழோடு நில். இதோ, ஒற்றை வெற்றிலையை வைத்துவிட்டாள்! செல்லத்தாய் அம்மா, எழுந்து பாருங்கள். எந்தக் குரூப் என்று இப்போது கேளுங்கள் உங்கள் மகளிடம்.

"சயின்ஸ்தாம்மா!"

இதற்கு மேல் நான் பேச என்ன இருக்கிறது? பசியோடு பொறுத்திருந்த உங்களுக்கு என் நன்றி. வணக்கம், வாருங்கள் சாப்பிடலாம்!