பேரு, உயரம், பிறந்த ஊர்

சஞ்சீவனி: இன்னொரு வாட்டி "ஆமா"வுக்கு "ஓம்"ன்னு சொன்னா, போன இங்கயே வச்சிட்டு துணி காயப்போட போயிருவேன்க்கா.

நிஷா: "ஓம்"னா சொன்னேன்?

சஞ்சீவனி: "ஓம் அம்மா, வாறன்." தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசல்ல நின்னு எந்தப் பொண்ணு அப்பிடி பேசுது?

நிஷா: வாய் தானா போகுது. பதினேழு வருஷம் சஞ்சு...

சஞ்சீவனி: பதினேழு வருஷத்துல சொந்தப் பேச்சு மறந்துருமா?

நிஷா: மறக்கல. அதுக்கு மேல இன்னொன்ன பூசிட்டேன். சுரண்டினா வரும். ம், மறுபடி போடு.

சஞ்சீவனி: இரு, போன் சாயுது. பிஸ்கட் டின்ன முட்டுக் குடுக்கிறேன்... எனக்கு இன்னும் வெளங்கல. கனடாவுல அவார்ட் வாங்கின நடிகை நீ. ஒரு வேஷத்துக்கு உனக்கு எதுக்கு பரீட்சை?

நிஷா: எல்லாருக்கும்தான். முந்தி நேர்ல கூப்பிடுவாங்க. இப்ப வீட்லயே நடிச்சு, வீடியோ எடுத்து அனுப்பணும். நம்ம டைம் அஞ்சு மணிக்குள்ள.

சஞ்சீவனி: இப்பவே நாலே கால்.

நிஷா: தெரியும். நீ அம்மா வசனத்த வாசி. "நா வரல"ல இருந்து.

சஞ்சீவனி: "நா வரல. நீ போ. இந்த... லயம்... இடிஞ்சி விழுந்தாலும்..."

நிஷா: ஃபெக்டரி நோட்டீஸ் வாசிக்கிற மாதிரி வாசிக்கிற.

சஞ்சீவனி: நா பல்லேகலயில துணி தைக்கிற காமன்ட் ஃபெக்டரி சூப்பர்வைசர். வேற எப்பிடி வாசிப்பேன்? பௌர்ணமி போயா லீவுல ஒரு நாளாவது தூங்கலாம்னு பாத்தா...

நிஷா: கதைய நெனச்சுக்கோ. மூணு நாளா மழை. லயத்துக்குப் பின்னால மண் சரியப் போகுது. எல்லாரும் எறங்கிட்டாங்க. அம்மா மட்டும் வர மாட்டேங்குது. மக கெஞ்சுறா. அவ்வளவுதான்.

சஞ்சீவனி: அந்த மக நீ.

நிஷா: கெடச்சா நான். கெடைக்கும். நா விடப் போறதில்ல.

சஞ்சீவனி: அய்யோ, இந்தா... புத்தர் கோயில் பன்சலயில ஸ்பீக்கர் போட்டுட்டாங்க.

நிஷா: எவ்வளவு நேரம் போகும்?

சஞ்சீவனி: போயாவன்னிக்கு யாரு சொல்ல முடியும்? கால் மணித்தியாலம் போட்டுட்டு நிப்பாட்டுவாங்க, மறுபடி போடுவாங்க. ஜன்னல சாத்தினா?

நிஷா: சாத்தினா வெளிச்சம் போயிரும். பொறுத்திருப்போம்.

சஞ்சீவனி: அது வரைக்கும் அவங்க அனுப்பின இந்தக் கடிதத்த பாக்கிறேன்... "முதலில் உங்கள் பெயர், உயரம், பிறந்த ஊரைச் சொல்லவும்." இது என்னா, கல்யாணத் தரகர் கேக்கிற மாதிரி?

நிஷா: வீடியோ தொடங்கும்போது எல்லா நடிகரும் சொல்றதுதான்.

சஞ்சீவனி: சரி, சொல்லு கேப்போம்.

நிஷா: நிஷா லிங்கம். அஞ்சடி நாலு அங்குலம்.

சஞ்சீவனி: நிஷாந்தினி சுந்தரலிங்கத்துல நடுவுல உள்ளதெல்லாம் எங்க போச்சு?

நிஷா: அவங்க வாய்க்குள்ள போகல.

சஞ்சீவனி: சரி. ஊரு?

நிஷா: போன கொஞ்சம் தூக்கி வை.

சஞ்சீவனி: ஊருக்கா.

நிஷா: யாழ்ப்பாணம்.

சஞ்சீவனி: நம்ம தோட்டத்து ஆஸ்பத்திரியில பொறந்தவ. ஜன்னல தொறந்தா கீழ தெல்தெனிய தெரியும். அது யாழ்ப்பாணமா?

நிஷா: கத்தாத.

சஞ்சீவனி: பன்சல கத்துது, நா கத்தக் கூடாதா? எப்பிடிக்கா வாய் வந்திச்சு, மொத மொதல்ல?

நிஷா: கனடா போன புதுசுல ஒரு நாடகக் குழுவில சேரப் போனேன். எல்லாரும் யாழ்ப்பாணத்து ஆளுங்க. பேரு கேக்க முன்னமே "ஊரில எவடம்?"னு கேப்பாங்க. அது அவங்க வழக்கம், பாசமாத்தான் கேப்பாங்க. எனக்கு முன்னுக்கு நின்ன பிள்ளை "ஹட்டன்"னு நம்ம மலைப்பக்கத்து ஊர சொன்னா. அவளுக்கு வேலைக்காரி வேஷம்.

சஞ்சீவனி: நீ?

நிஷா: நா கதாநாயகி வேஷத்துக்கு போயிருந்தேன்.

சஞ்சீவனி: அதுக்கு?

நிஷா: பேராதெனிய யூனிவர்சிட்டி ஹொஸ்டல்ல என் ரூம்ல இருந்தாளே ஒருத்தி, அவ ஊர சொல்லிட்டேன். பேச்சும் அவகிட்ட பழகினதுதான். எந்தக் கோயில், எந்தப் பள்ளிக்கூடம்னு கேட்டாங்க. அவ நாலு வருஷம் சொன்ன கதையெல்லாம் காதுல இருந்திச்சே, அப்பிடியே சொன்னேன். வேஷம் கெடச்சிச்சு.

சஞ்சீவனி: அப்பிடியே நின்னிருக்கலாமே.

நிஷா: நிக்க முடியல சஞ்சு. மேடையில இருந்து டீவிக்கு கூப்பிட்டாங்க. நர்ஸ், அகதி, அகதியோட அம்மா, மறுபடி நர்ஸ். எல்லாம் "யாழ்ப்பாணத்துல இருந்து வந்த நிஷா"வுக்கு வந்த வேஷம். எந்த எடத்துல நின்னு "இல்ல"ன்னு சொல்றது?

சஞ்சீவனி: இங்க சொல்லு. பாரு, இவங்க எழுதியிருக்கிறத... "நீங்கள் யாழ்ப்பாணத்தவர் என்பதால், மலையகப் பேச்சு வருமா என்று பார்க்க விரும்புகிறோம்." சிரிப்பா வருது. சொந்த வீட்டுக்குள்ள வர டிக்கட் எடுத்துக்கிட்டு நிக்கிற.

நிஷா: சிரி. நானும் வாசிச்ச அன்னிக்கு சிரிச்சேன். அப்புறம்...

சஞ்சீவனி: மலையகம்னு ஒரு வார்த்தை சொன்னா இந்த வேஷம் உனக்குத்தானே!

நிஷா: சொன்னா அடுத்தது யூடியூப்ல நா குடுத்த அந்தப் பேட்டிய பத்தி கேப்பாங்க. அம்மா எங்க?

சஞ்சீவனி: பக்கத்துல, பஸீஹா வீட்ல. அவங்க வீட்டு டீவியில சீரியல் பாக்கலன்னா அம்மாவுக்கு பொழுது போகாது.

நிஷா: அம்மாவுக்கு இன்னும் தெரியாதுதானே?

சஞ்சீவனி: எப்பிடி தெரியும்? மூணு வருஷமா அம்மா போன்ல யூடியூப்பே இல்ல. கம்பனிக்காரன் நிப்பாட்டிட்டான்னு சொல்லியிருக்கேன்.

நிஷா: நம்பினாங்களா?

சஞ்சீவனி: அம்மா எத நம்புறாங்க, எத நம்பலன்னு யாருக்கு தெரியும்? எனக்கு அந்தப் பேட்டி மனப்பாடம்க்கா. "எனக்குப் பன்னிரண்டு வயது. குண்டு விழுந்துகொண்டிருந்தது. அம்மா வழியிலேயே செத்துப்போனா. அம்மாவை ரோட்டோரத்தில விட்டிட்டு, திரும்பிப் பாக்காமல் நடந்தன்." உனக்கு பன்னண்டு வயசுல அம்மா கொழுந்து பறிச்சிட்டு வந்து உனக்கு பேன் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

நிஷா: அது என் ரூம்ல இருந்தவளோட அம்மா. அப்பிடித்தான் செத்தாங்க.

சஞ்சீவனி: அவ அம்மாவோட சாவ களவெடுத்து நம்ம அம்மாவுக்கு குடுத்துட்ட. அவ பாத்தாளா?

நிஷா: பாத்தா. "நல்லா செய்தாய்"னு ஒரு மெசேஜ் போட்டா. அதுக்குப் பிறகு பேசல. நானும் பேசல.

சஞ்சீவனி: அவகிட்ட மன்னிப்பாவது...

நிஷா: எழுதி எழுதி அழிச்சேன். இன்னும் அனுப்பல. அதுக்குள்ள இந்த வேஷம் வந்திச்சு, பிளேன் ஏறிட்டேன்.

சஞ்சீவனி: நெசமா சொல்லு. அம்மாவ பாக்க வந்தியா, அம்மா மாதிரி பேசப் பழக வந்தியா?

நிஷா: ரெண்டும்.

சஞ்சீவனி: அக்கா.

நிஷா: மொதல்ல பேச்சுக்குத்தான். போதுமா? வந்து எறங்கி, அம்மா "வந்துட்டியா புள்ள"ன்னு கேட்டப்ப... என்னால "ஆமா"ன்னு கூட சொல்ல முடியல. "ஓம்"னு வந்திச்சு. அம்மா என் மூஞ்சிய பாத்தாங்க.

அம்மா: யாரு மூஞ்சிய பாத்தேன்? என்னா ரெண்டு பேரும் சண்டை?

சஞ்சீவனி: வந்துட்டீங்களா! சண்டையெல்லாம் இல்லம்மா. அக்காவுக்கு வசனம் சொல்லிக் குடுக்கிறேன்.

அம்மா: நீ சொல்லிக் குடுத்து அவ கத்துக்கிட்ட மாதிரிதான். இந்தா, பஸீஹா வட்டிலாப்பம் குடுத்துச்சு. மூடி வை, எறும்பு வரும். இன்னும் எடுத்து முடியலயா?

நிஷா: இவ வாசிக்கிறதுக்கு என்னால நடிக்க முடியலம்மா.

அம்மா: என்னா வாசிக்கணும்?

சஞ்சீவனி: ஒரு அம்மா. மண் சரியப் போகுது, லயத்த விட்டு வர மாட்டேங்குறாங்க. மக கூப்பிடுறா.

அம்மா: இதுக்கு எதுக்கு கடுதாசி? நா சொல்றேன்.

நிஷா: அம்மா, உங்களுக்கு கண்ணாடி...

அம்மா: வாசிக்கத்தான் கண்ணாடி. வரலன்னு சொல்ல கண்ணாடி வேணுமா? கதிரைய இப்பிடி போடு. நா படத்துல தெரிவேனா?

நிஷா: இல்ல, உங்க கொரல் மட்டும்தான்.

அம்மா: அப்ப சீலை மாத்த தேவையில்ல. ம்.

சஞ்சீவனி: ஸ்பீக்கரும் நின்னுருச்சு. சீக்கிரம். ஓடுதுக்கா... பேசு.

நிஷா: அம்மா, எந்திரிங்க. மலை சத்தம் போடுது.

அம்மா: மலை என்னிக்கு சத்தம் போடல?

நிஷா: இது வேற சத்தம். எல்லாரும் ஸ்கூலுக்கு எறங்கிட்டாங்க. நீங்க மட்டுந்தான்.

அம்மா: எறங்கட்டும். நா வரல.

நிஷா: நா கூப்பிட்டா வர மாட்டீங்களா?

அம்மா: உங்கப்பாவ இந்த வாசல்லதான் கெடத்தியிருந்தோம். உனக்காக ரெண்டு நாள் வச்சிருந்தோம். நா கூப்பிட்டேன். நீ வந்தியா?

சஞ்சீவனி: அம்மா, இதெல்லாம் அதுல இல்ல...

நிஷா: நிப்பாட்டாத சஞ்சு! ...வரலம்மா.

அம்மா: லீவு குடுக்கலன்னு சொன்ன.

நிஷா: லீவு இருந்திச்சு. அன்னிக்கு நாடகத்துக்கு மொத நாள். பெரிய மேடை, மொத வாட்டி. நா அதுக்கு போனேன்.

அம்மா: ...கை தட்டினாங்களா?

நிஷா: தட்டினாங்க.

அம்மா: நெறைய பேரா?

நிஷா: எல்லாரும் எந்திரிச்சு நின்னு.

அம்மா: ம். அதுக்குத்தானே போன.

நிஷா: அம்மா, எந்திரிங்க.

அம்மா: நீ போ. உனக்கு நடந்து பழக்கம்.

நிஷா: போகல. இந்த வாட்டி நீங்க வராம நா இந்த எடத்த விட்டு நகர மாட்டேன். இங்கயே உக்காருறேன். மண்ணு வந்தா ரெண்டு பேர் மேலயும் வரட்டும்.

அம்மா: தரையில உக்காராத, ஈரம்... சரி, கைய குடு. முழங்கால் புடிக்குது. அந்தக் கம்பளிய எடுத்துக்க.

நிஷா: எடுத்துட்டேன்.

அம்மா: விளக்க அணைச்சிட்டு வா.

நிஷா: அணைச்சிட்டேன். வாங்க.

அம்மா: என்னா, முடிஞ்சிச்சா?

சஞ்சீவனி: முடிஞ்சிச்சும்மா. அக்கா... ஒரு "ஓம்" கூட வரல.

நிஷா: பதிவாயிருக்கா?

சஞ்சீவனி: இருக்கு. முழுசா இருக்கு.

அம்மா: நா சரியா சொன்னேனா?

நிஷா: என்ன விட நல்லா சொன்னீங்க. மணி?

சஞ்சீவனி: நாலே முக்கா. இன்னும் அந்தத் தரகர் கேள்விக்கு பதில் எடுக்கல.

நிஷா: எடு.

சஞ்சீவனி: என்னா சொல்லப் போறன்னு மொதல்ல...

நிஷா: எடுன்னு சொல்றேன்ல. நேரா என் மூஞ்சிக்கு வை.

சஞ்சீவனி: பாண் ரொட்டி விக்கிற ஆட்டோ வருது, அந்த மியூசிக்கோட. போகட்டும்.

நிஷா: வரட்டும். அதுவும் இந்த ஊர் சத்தம்தான். ஓடுதா?

சஞ்சீவனி: ஓடுது.

நிஷா: என் பேரு நிஷாந்தினி சுந்தரலிங்கம். உயரம் அஞ்சடி நாலு அங்குலம். நா பொறந்தது யாழ்ப்பாணத்துல இல்ல. தெல்தெனியவுக்கு மேல, ஒரு தேயிலைத் தோட்டத்துல, மேக்கணக்குப் பிரிவு லயத்துல. இவ்வளவு நாளும் மாத்தித்தான் சொல்லியிருக்கேன். கேளுங்க, பதில் சொல்றேன். இதுல அம்மாவா பேசினது எங்க அம்மா, அங்கம்மா. உயிரோட இருக்காங்க.

சஞ்சீவனி: அக்கா!

நிஷா: நிப்பாட்டு. போதும். குடு போன.

அம்மா: நில்லு. "உயிரோட இருக்காங்க"ன்னு எதுக்கு சொன்ன? யாரு கேட்டா?

சஞ்சீவனி: அது... சும்மா, அவங்க அப்பிடி சொல்லச் சொல்வாங்கம்மா. வாங்க, வட்டிலாப்பம் சாப்பிடுவோம்.

நிஷா: இல்ல சஞ்சு. அம்மா, நா உங்ககிட்ட ஒன்னு சொல்லணும். சொல்லிட்டுத்தான் இத அனுப்புவேன். மூணு வருஷத்துக்கு முந்தி ஒரு பேட்டி குடுத்தேன். அதுல... அம்மா, அதுல உங்கள...

அம்மா: பஸீஹா வீட்டு டீவியிலயும் யூடியூப் வரும் புள்ள, அன்னிக்கே பாத்தாச்சு. நீங்க ரெண்டு பேரும் மறைக்க பட்ட பாட்ட பாத்துட்டு நானும் வாய மூடிக்கிட்டு இருந்தேன். பஸீஹாவுக்குத்தான் கோவம், "ஒங்கட மகள் இப்பிடி பொய் சொல்றாவே"ன்னு. நா சொன்னேன், குண்டு, ரோடு, சாவு எல்லாம் நடிப்பும்மா, ஆனா "திரும்பிப் பாக்காம நடந்தேன்"னு சொன்னா பாரு, அந்த எடத்துல மட்டும் எம் மக நடிக்கலன்னு. சரி, அஞ்சு மணியாகப் போகுது. அனுப்பு.