பராக்குக்கு இங்கிலீஷில் ஒரு பேர்

சிங்கப்பூரில் எம்ஆர்டி ரயில் வராத காலம். சிராங்கூன் ரோட்டில் பிடோக் போகும் பஸ்ஸைப் பிடித்தேன். முன் சீட்டில் நாற்பதைத் தாண்டிய இரண்டு பெண்கள். சன்னலோரம் இருந்தவர் மெல்லிய குரலில் சொன்னார்:

"மகளைக் காட்டத்தான் போனேன்க்கா. டாக்டர் என்னையும் சேத்துக் கண்டுபிடிச்சிட்டாரு."

"என்னத்த?"

"கிளாஸ்ல பராக்குப் பாக்குறா, குடையைத் தொலைக்கிறா, அடுப்புல பாலை வச்சிட்டு மறந்துடுறான்னு சொன்னேன். 'எட்டு வயசுப் பிள்ளையா பால் காய்ச்சுது?'ன்னு கேட்டாரு."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "வியாதியா லா?"

"மூளையே அப்படித்தானாம். பெரியவங்களுக்கும் இருக்குமாம். பராக்குக்கு இங்கிலீஷ்ல நீளமா ஒரு பேரு சொன்னாரு."

"என்ன பேரு?"

"அவரு டை கோணலா இருந்துச்சுக்கா. அதையே பாத்துட்டிருந்துட்டேன்."

"திமிரு பிடிச்சவ, வாயே திறக்க மாட்டான்னு உன் மாமியார் ஊரெல்லாம் சொன்னாங்களே!"

"திறந்தா என்ன பேச வந்தேன்னு பாதியில மறந்துடும். அதான் மூடிக்கிட்டேன். அவங்க திட்டினது போதாதுன்னு நானும் என்னை மக்கு மக்குன்னு திட்டிக்கிட்டேன். இனிமே அந்த வேலையை அவங்களே பாக்கட்டும். நான் லீவு."

அக்கா மறுபடி சிரித்தார். சட்டென்று வெளியே பார்த்துவிட்டுப் பதறி எழுந்தார்.

"ஐயோ, உன் ஸ்டாப் போயிடுச்சு லா!"

"தெரியும்க்கா," என்றார் சன்னலோரத்துப் பெண், அசையாமல். "உங்க ஸ்டாப் அதுக்கு முன்னாடியே போயிடுச்சு."